நைஸ்

போன ஞாயிற்றுக்கிழமை குடும்ப வாட்ஸப் குழுவில் என் கட்டுரை ஒன்றைப் போட்டேன். எங்கள் ஊர்க் குளத்தைப் பற்றியது. பதினோரு நாள் உட்கார்ந்து, நாலு தடவை அடித்துத் திருத்தியது. நாற்பது நொடி ஆகியிருக்காது, பெங்களூரிலிருக்கும் தங்கை மகனிடமிருந்து பதில் வந்துவிட்டது: ‘நைஸ் மாமா’.

நாற்பது நொடி! அந்தக் கட்டுரையில் படித்துறைக்குப் போய்ச் சேரவே இரண்டு நிமிஷம் ஆகும்.

நீங்களும் இப்படிப் போடுகிறவர்தான், மறுக்க வேண்டாம். நானும்தான். அவன் மகள் நீச்சல் போட்டியில் கலந்துகொண்ட வீடியோவுக்கு நான் போட்டதும் இதே ‘நைஸ்’தான். வீடியோவை இன்னும் திறக்கவில்லை. ஆனால் அது வேறு விஷயம். பயலை நையப் புடைக்கலாம் போலிருந்தது. அவனுக்கு முப்பத்தெட்டு வயது, என் முழங்காலும் ஒத்துழைக்காது. எனவே அகராதியை எடுத்தேன். இது எங்கே போய் முடிகிறது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதில் எல்லோருக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

முதலில் வம்சாவளி. லத்தீனில் ‘நெஸ்கியுஸ்’ என்றால் ஒன்றும் அறியாதவன். அது பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்கு வந்து ‘நைஸ்’ ஆனது. சுமார் 700 வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒருவனை நைஸ் என்றால் மடையன் என்று அர்த்தம். அதாவது மருமகன் என்னை ‘மடையா மாமா’ என்றிருக்கிறான். இதைப் படித்ததும் கோபம் பாதி தணிந்துவிட்டது. திட்டுகிறவனாவது ஒரு வரி படித்திருப்பான் இல்லையா?

மடையன் அதோடு நிற்கவில்லை. கொஞ்ச காலம் ஒழுக்கங்கெட்டவனாகத் திரிந்தான். பிறகு திருந்தி, எதைக் கொடுத்தாலும் முகம் சுளிக்கிற ஆளானான்: சாம்பாரில் உப்பு ஒரு கல் கூட, வேட்டியில் மடிப்பு அரை அங்குலம் குறைய. (எங்கள் பெரியப்பா இந்தக் கட்டத்திலேயே நின்றுவிட்டவர்.) நுணுக்கம் பார்த்துப் பார்த்து அவனே நுணுக்கமாகிவிட்டான். 1755-இல் சாமுவேல் ஜான்சன் அகராதி போட்டபோது ‘நைஸ்’ என்றால் துல்லியம், நுட்பம், எளிதில் கெட்டுவிடுகிற மென்மை. ‘நல்லா இருக்கு’ என்ற அர்த்தத்தை அவர் உள்ளேயே விடவில்லை. மகானுபாவர்!

ஆனாலும் அது பின்வாசல் வழியாக நுழைந்துவிட்டது. 1817 கடைசியில் வெளியான ஜேன் ஆஸ்டினின் ‘நார்த்தாங்கர் அபி’ நாவலில் ஒரு பெண் ஒரு புத்தகத்தை நைஸ் என்கிறாள். பேசிக்கொண்டிருக்கிற இளைஞன் பிடித்துக்கொள்கிறான்: பைண்டிங்கைச் சொல்கிறாயா என்று கேட்கிறான். பிறகு எதற்கெடுத்தாலும் அந்தச் சொல்லா என்று ஒரு பாடமே எடுக்கிறான். அவன் தங்கை குறுக்கே விழுந்து அந்தப் பெண்ணைக் காப்பாற்றுகிறாள். எனக்கு அந்த இளைஞனை ரொம்பப் பிடித்துப்போயிற்று. தங்கைகளும் தங்கை மகன்களும் எந்த நாட்டிலும் இப்படித்தான்.

அர்த்தம் மாறிய சொல்லுக்கு உதாரணமாகத் தமிழ் வாத்தியார்கள் வழக்கமாகச் சொல்லும் ‘நாற்றம்’ இந்தக் கட்டுரையில் வராது. அதற்குப் பதில் ‘சில்லி’யைச் சொல்கிறேன். பழைய ஆங்கிலத்தில் அது பாக்கியசாலி; படிப்படியாக அப்பாவியாகி, பரிதாபத்துக்குரியவனாகி, கடைசியில் அசடானான். மடையன் ஏணியில் ஏற ஏற, பாக்கியசாலி இறங்கிக்கொண்டிருந்திருக்கிறான். நடுப்படியில் இருவரும் சந்தித்தபோது என்ன பேசியிருப்பார்கள்? ‘வில்லன்’ கதை இன்னும் மோசம். பண்ணையில் பாடுபடுகிற குடியானவனுக்கு அங்கே அதுதான் பெயர். நம் கறுப்பு வெள்ளைப் படங்களில் சாட்டையோடு வந்த பண்ணையார்தான் வில்லன். அடிவாங்கிய ஏழையின் பெயரையும் சேர்த்தே பிடுங்கிக்கொண்டிருக்கிறார்.

நைஸுக்கு வருகிறேன். இதை மருமகனுக்கு விளக்கிப் பதில் தட்டிக்கொண்டிருந்தபோது, மூன்றாவது பத்தியில், வீட்டம்மா ஒரு தூக்கை நீட்டினாள். ஊறவைத்து, நிழலில் உலர்த்திய பச்சரிசி. மாவு மில்லுக்குப் போகவேண்டும்.

மில்லில் எனக்கு முன்னால் யாரோ மிளகாய் அரைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கண்ணில் நீர் வழிய நின்றேன். மில்காரர் தூக்கைத் திறந்து, நாலு அரிசியை நகத்தால் நசுக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“நைஸாவா சார், கொரகொரப்பாவா?”

தும்மல் நின்றுபோயிற்று. லண்டனிலேயே நைந்துபோன அர்த்தத்தை, தலைப்பாகைமேல் மாவு படிந்த ஒரு மனிதர் தினமும் படி படியாக அளந்துகொண்டிருக்கிறார்! ஜான்சனே மறுபிறவி எடுத்து வந்துவிட்டார் என்று நினைத்து, லத்தீனிலிருந்து ஆரம்பித்தேன். மிஷின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

“புட்டுக்கா, இடியாப்பத்துக்கா? அதைச் சொல்லுங்க.”

“இடியாப்பத்துக்கு.”

“அப்போ நைஸா. இதுக்கு எதுக்கு சார் இவ்வளவு பேச்சு?”

துணிக்குழாய் வழியாக மாவு இறங்கியது. மில்காரர் குழாயைத் தட்டி, விழுந்த மாவில் ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்த்தார். திருப்தியில்லை. மறுபடி ஓட்டினார். வீட்டுக்கு வந்ததும் அவளும் ஒரு சிட்டிகை எடுத்தாள். கட்டைவிரலால் தேய்த்தாள், ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள், மறுபடி தேய்த்தாள். முழுசாக ஒரு நிமிஷம் ஆகியிருக்கும்.

“இன்னும் கொஞ்சம் நைஸா இருந்திருக்கலாம்” என்றாள்.

ஒரு நிமிஷம்! குளத்துக்குக் கிடைத்ததைவிட இருபது நொடி அதிகம். போனை எடுத்தேன். மருமகனுக்குத் தட்டிய மூன்று பத்தியும் அப்படியே இருந்தன. மேலே அவன் புதுசாக இன்னொரு வீடியோ போட்டிருந்தான், நாலு நிமிஷம். பல்லைக் கடித்துக்கொண்டு திறந்தேன். நெட் சுற்றிக்கொண்டே இருக்கிறது.