போர்த்தளபாட ஆணையாளராக வருவது எப்படி?

போர் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்தால் கூடவே பதவிகளும் வரும் என்பதைச் சத்தியம் பண்ணிச் சொல்லலாம். குண்டு விழுந்த பிறகு விண்ணப்பப் படிவம் தேடி அலையாமல் இப்போதே ஆயத்தமாக விரும்பும் இளைஞர்களுக்கும், ஓய்வூதியம் எடுத்தும் ஓயாத பெரியவர்களுக்கும் இந்தச் சிறு வழிகாட்டி உதவும்.

பயிற்சிக்குக் கடுகண்ணாவைதான் உகந்த இடம். கணவாய் வளைவில் நின்று கீழே மாவனல்லைப் பக்கம் பாருங்கள், ரப்பர். திரும்பிக் கண்டிப் பக்கம் பாருங்கள், தேயிலை. நடுவில் கப்டன் டோசனுக்கு எழுப்பிய கோபுரம் நிற்கிறது. 1820-களில் படை நகர்வுக்காக இந்தப் பாதையை வெட்டுவித்த அதிகாரி அவர். 1829-இல் காலமானார், 1832-இல் கோபுரம் எழுந்தது. அதிகாரிக்குக் கோபுரம் கட்டுகிற ஊர் இது. உங்களுக்கும் நம்பிக்கைக்கு இடமுண்டு.

வெடிமருந்து செய்யத் தெரியாதே என்று மலைக்காதீர்கள். இலங்கை இரண்டு உலகப் போர்களிலும் பீரங்கி வார்க்கவில்லை. அதற்காக இங்கே எந்தக் கந்தோரும் சும்மா இருந்ததும் இல்லை. ஊரில் ஏற்கனவே கிடப்பதைப் போர்ப்பொருள் என்று அறிவித்துவிட்டால் போதும். முதல் போரில் அந்த யோகம் காரீயத்துக்கு, அதாவது கிரபைட்டுக்கு, அடித்தது. உலோகம் உருக்கும் மூசைக்கு இலங்கைக் காரீயத்தைப் போல வேறொன்று வாய்க்காது. மூசை இல்லாமல் பித்தளை இல்லை, பித்தளை இல்லாமல் தோட்டா இல்லை.

முன்னரங்கில் ஷெல் போதவில்லை என்று பத்திரிகைகள் கூச்சலிட, 1915 ஜூனில் லண்டனில் லொயிட் ஜோர்ஜ் புதிய போர்த்தளபாட அமைச்சின் பொறுப்பை ஏற்றார். அதே ஜூனில் இங்கே என்ன நடந்தது? கண்டியில் வெசாக் காலத்தில் வெடித்த கலவரத்தைச் சாட்டி இராணுவச் சட்டம் போட்டார்கள். சிறைக்குப் போனவர்களில் டி. எஸ். சேனாநாயக்கவும் அவருடைய தமையன் எஃப். ஆர். சேனாநாயக்கவும் இருந்தார்கள். அவர்களுடைய தந்தை காரீயத்தில் பொருள் சேர்த்தவர். லண்டனுக்குக் காரீயம் வேண்டும், கொழும்பில் காரீயக்காரர் வீட்டுப் பிள்ளைகள் கம்பிக்குப் பின்னால். அந்த அநியாயத்தை எடுத்துச் சொல்லப் பொன்னம்பலம் இராமநாதன் கப்பலேறிப் போக வேண்டியிருந்தது. இதில் குழப்பம் ஏதும் இல்லை. ஆளைப் பிடிப்பது ஒரு திணைக்களம், சாமான் கேட்பது இன்னொரு திணைக்களம். ஒன்று செய்வது மற்றதற்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதே நிர்வாகம்.

மேலிடத்திடம் இருந்தும் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. கோடைற் என்ற வெடிமருந்துக்கு அசிட்டோன் தேவை. 1917-இல் தட்டுப்பாடு வந்தபோது, காட்டு மரமொன்றின் கொட்டைகளைப் பொறுக்கித் தரும்படி பிரித்தானிய அரசு பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டது. எதற்கென்று சொல்லவில்லை, இரகசியம். பிள்ளைகள் தேசபக்தியோடு மூட்டை மூட்டையாகப் பொறுக்கிக் குவித்தார்கள். ஏற்றிப்போக வண்டி இல்லாமல் புகையிரத நிலையங்களிலேயே மூட்டைகள் மக்கின. மக்கட்டும். உற்சாகம் கணக்கில் ஏறிவிட்டது அல்லவா?

மதுவையும் மறவாதீர்கள். தொழிலாளர் குடித்தால் ஷெல் குறையும் என்று கணக்குப் போட்டு, ஒருவர் இன்னொருவருக்கு மது வாங்கிக் கொடுப்பதையே குற்றமாக்கினார்கள். கிரெட்னா வெடிமருந்துத் தொழிற்சாலைக்குப் பக்கத்திலுள்ள கார்லைல் நகரில் சாராயக் கடைகளை 1916-இல் அரசே வாங்கி நடத்தியது. போர் 1918-இல் முடிந்தது. கடைகள் அரசின் கையை விட்டுப் போனது 1973-இல். தற்காலிக ஏற்பாடு என்று கோப்பில் எழுதும்போது கை நடுங்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அக்கரையில் 1917-இல் இந்திய போர்த்தளபாட வாரியம் அமைத்தார்கள். தலைவர் தோமஸ் ஹொலண்ட், மண்ணியல் அறிஞர். பல்லாவரத்துப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர் வைத்தவர். பாறையோடு நின்றிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பார். வாரியத்து ஒப்பந்த மோசடி என்று கல்கத்தாவில் நடந்த வழக்கை அரசு பாதியில் கைவிட்டதில் எழுந்த அமளியில், 1921-இல் பதவியை விட்டு விலகினார். விலகியதுதான் அவர் செய்த பிழை. நீங்கள் விலகாதீர்கள், விசாரணைக் குழு ஒன்றை அமையுங்கள்.

இனி ரப்பர். உங்கள் பயிற்சி இங்கேதான் முழுமை பெறும். 1876-இல் கியூ தோட்டத்தில் இருந்து வந்த கன்றுகள் ஹெனரத்கொடவில் வேர்பிடித்தன. அரை நூற்றாண்டில் மரம் பெருகி, பால் பெருகி, விலை விழுந்தது. 1934-இல் அரசாங்கங்கள் கூடி ரப்பர் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் எழுதின. இத்தனை தொன்னுக்கு மேல் ஏற்றுமதி கூடாது, புதிதாக நடவும் கூடாது, சிறு தோட்டக்காரருக்கு அளந்து கூப்பன். மரத்தில் பால் இருந்து கையில் கூப்பன் இல்லாவிட்டால் அது ரப்பர் ஆகாது. கூப்பனுக்கே தனிச் சந்தை உண்டாயிற்று. ஒரு மரத்திலும் பால் வெட்டாமல் ரப்பர் விற்றவர்களின் கெட்டித்தனத்தைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சில் ஜாவா. உலகத்து ரப்பரில் பெரும்பகுதி யப்பானியர் கைக்குப் போனது. லொறி டயருக்கும் விமானச் சக்கரத்துக்கும் வாயு முகமூடிக்கும் நேசநாடுகள் இந்தத் தீவைப் பார்த்தன. நேற்றுவரை வெட்டாதே என்ற அரசு இன்று வெட்டு என்றது. அதற்காக வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. புதிய சுற்றறிக்கைக்குப் புதிய இலக்கம், பழையதை யாரும் ரத்துச் செய்யக்கூடத் தேவையில்லை.

பால்வெட்டைப் பற்றி ஆணையாளர் ஒன்றும் தெரிந்திருக்கக் கூடாது. தெரிந்தால் கை ஓடாது. கத்தி பட்டையோடு நிற்க வேண்டும், கட்டையில் பட்டால் மரம் காயப்படும். வெட்டிய பட்டை திரும்ப வளரப் பல வருடம் செல்லும். ஆகவே ஒருநாள் விட்டு ஒருநாள், அளவான சரிவில், ஒரு பக்கம் வெட்டி மறுபக்கத்தை ஆறவிடுவார்கள். இதெல்லாம் கணக்கப்பிள்ளைக்கும் பால் வெட்டுகிற பெண்ணுக்கும் தெரிந்த விஷயம். போர்க்கால முறை வேறு. தினமும் வெட்டு, இரண்டு பக்கமும் வெட்டு, மேலேயும் வெட்டு, நாளைய பட்டையையும் இன்றைக்கே எடு. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தொன் ரப்பர் போனது. மரங்கள் போர் முடியுமுன்பே கிழடு தட்டின. அந்தச் செலவை எந்த ஏட்டிலும் பதியாதீர்கள். தொன் மட்டும் போதும்.

பால் விடியற்காலையில்தான் நன்றாக ஓடும். சூரியனுக்குச் சுற்றறிக்கை அனுப்ப முடியாத குறையை அரசு கடிகாரத்தில் தீர்த்தது. 1942 ஜனவரியில் அரை மணி, செப்டெம்பரில் இன்னொரு அரை மணி என்று தீவு முழுவதும் நேரத்தை முன்னே தள்ளினார்கள். கடிகாரம் சொன்ன வேளைக்குப் பிரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, வந்தவர்கள் இருட்டில் நின்றார்கள். 1945 ஒக்ரோபர் வரை அப்படித்தான்.

சாப்பாட்டுக்கும் திட்டம் வேண்டும். 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்ததோடு பர்மா அரிசி நின்றது. சோற்றுக்குப் பழகிய லயங்களுக்குக் கோதுமை மாவும் கம்பும் ரேஷனில் வந்தன. அரிசிக்கும் கூப்பன், ரப்பருக்கும் கூப்பன். இந்த ஒற்றுமையை உங்கள் ஆண்டறிக்கையில் பெருமையோடு குறிப்பிடலாம்.

தொழிலாளர் தகராறில் தயக்கம் காட்டாதீர்கள். 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்தியபோது பொலிஸ் சுட்டது. கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். விசாரணைக் குழு அமைந்தது. போரை எதிர்த்த சமசமாஜத் தலைவர்கள் என். எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, பிலிப் குணவர்தன, எட்மண்ட் சமரக்கொடி நால்வரையும் அவ்வாண்டே உள்ளே போட்டார்கள். 1942 ஏப்ரல் 5-இல் கொழும்பில் குண்டு விழுந்தது. இரண்டு நாள் கழித்து நால்வரும் கண்டி போகம்பறைச் சிறையை விட்டு வெளியேறினார்கள். சிறைக் காவலரையும் கூடவே அழைத்துக்கொண்டு போனார்கள். சாவி வைத்திருப்பவருக்குச் சம்பளம் ஒழுங்காகக் கொடுங்கள், வேறென்ன சொல்வது.

தலைமையகம் குளிர்ச்சியான இடத்தில் இருக்க வேண்டும். 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை டில்லியில் இருந்து பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். போர் நடந்தது பர்மாவில். பூங்காவில் ஆயிரக்கணக்கான உத்தியோகத்தர். புற்றரைக்கும் மூங்கிலுக்கும் நடுவே தட்டெழுத்துச் சத்தம். மேலிடத்தின் தெரிவை நான் குறை சொல்ல மாட்டேன், பேராதனையை விட்டுப் போக யாருக்குத்தான் மனம் வரும்?

கடைசி வேலை கணக்கு முடிப்பது. பெரும்பாலான ஆணையாளர்கள் இதற்குள் மாற்றலாகிப் போய்விடுவார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஏனென்றால் இதற்கப்பால் விஷயம் கொஞ்சம் அசிங்கம். 1946-இல், இந்தக் கணவாய்க்குக் கீழே கேகாலை மாவட்டத்தில், நேவ்ஸ்மியர் தோட்டத்தைக் கிராம விரிவாக்கத்துக்கென்று எடுத்த அரசு, அங்கிருந்த தமிழ்த் தொழிலாளரை வெளியேறச் சொன்னது. அதை எதிர்த்து இலங்கை இந்தியக் காங்கிரஸ் வேலைநிறுத்தம் நடத்தியது. இரண்டு வருடத்தில் 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. போருக்காக இரு பக்கமும் வெட்டியவர்களில் பலர் எந்த நாட்டுக்கும் உரியவர் அல்லர் என்றாகிவிட்டது.

ரப்பர் மட்டும் உரியவரைத் தேடிக்கொண்டது. 1952 டிசம்பரில் சீனாவோடு ஒப்பந்தம்: ஆண்டுக்கு 50,000 தொன் ரப்பர், பதிலுக்கு 2,70,000 தொன் அரிசி, ஐந்து வருடத்துக்கு. கொரியப் போர் நடந்த காலம், அமெரிக்கா முகம் சுளித்தது. வெட்டிக் கெடுத்த மரங்களுக்கு 1953-இல் மறுநடுகை மானியம் கிடைத்தது.

மரத்துக்கு இழப்பீடு கிடைக்க எட்டு வருடம் சென்றது என்று உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வெட்டிய கைகளின் கோப்பு வேறு அலுமாரியில் கிடந்தது. இந்திய வம்சாவளியினரில் நாடற்றவராக எஞ்சியிருந்தோருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 ஒக்ரோபரில் நிறைவேறியது.