லயத்துக்குள் ஒரு பேஸ்

கேள்வி: விலை குறைந்த 15 வாட்ஸ் பேஸ் ஆம்ப் வாங்கலாமா? தோட்ட லயத்தில் பழக வேண்டும், கோயில் திருவிழா மேடையிலும் வாசிக்க வேண்டும். (ஒரு வாசகர், மொனராகலை)

பதில்: லயத்து அறையில் பழக, தாராளமாக. ஹெட்போன் துளை இருக்கிறதா பாருங்கள். லயத்தில் சுவர் பொது, பேஸ் கதவைத் தட்டாமலே அடுத்த வீட்டுக்குள் போய்விடும். மேடையிலோ, தப்பு மேளத்தின் முதல் அடியிலேயே காணாமல் போவீர்கள். தடித்த கம்பியின் சுருதி 41 ஹேர்ட்ஸ். இவ்வகை ஆம்பின் 8 அங்குல ஸ்பீக்கர் அதைப் பாடாது, முனகும். லைன் அவுட் இருந்தால் மேடை மிக்ஸருக்கு வயர் கொடுத்துப் பிழைக்கலாம்.

மலிவென்று கிட்டார் ஆம்ப் மட்டும் வாங்காதீர்கள், சத்தத்தைக் கூட்டினால் ஸ்பீக்கர் கிழியலாம். மறுபக்கம், பேஸ் ஆம்பில் கிட்டார் வாசிப்பதில், ஆபத்தில்லை: 1952இல் ஃபெண்டர் பேஸுக்கென்றே செய்த பேஸ்மேன் ஆம்பைப் பின்னாளில் கிட்டார்காரர்கள்தான் கொத்திக்கொண்டு போனார்கள். ஆகவே, கிட்டார் வாசிக்கும் மச்சான் இரவல் கேட்டால், ஆம்ப் பழுது என்று சொல்லிவிடுங்கள்.