திருநின்றவூரில் கோழித்தரையின் ஈரம்: ஒரு மறுவாசிப்பு

இவ்வாய்வின் எல்லை பன்னிரண்டடிக்கு எட்டடி. வடக்கே மதில், தெற்கே துணி துவைக்கும் கல், கிழக்கே முருங்கை, மேற்கே வீடு கட்டியபோது மிஞ்சிய செங்கல் அடுக்கு. சுற்றிலும் கோழி வலை. உள்ளே ஆறு சிறுவிடைக் கோழிகளும் ஒரு சேவலும். ஐப்பசி பிறந்தால் தரை சேறாகிறது என்பது ஆய்வுச் சிக்கல். அதன்மேல் எதைக் கொட்டுவது என்பது ஆய்வு வினா.

ஊர்ப்பெயர் ஆராயாமல் முதல் இயலைத் தாண்டுவது நம் துறையில் வழக்கமில்லை. திருமகள் வைகுண்டத்தை விட்டு வந்து நின்றதால் திருநின்றவூர் என்கிறது தலபுராணம். மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு அவ்வளவு எழுத்துக்கு மூச்சு இல்லாததால் தின்னனூர். அடியேன் முடிபு வேறு. இப்பெயரில் ‘நீர்’ என்ற சொல் தொக்கி நிற்கிறது. வடகிழக்குப் பருவமழையில் அது விரிந்து நிற்கும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இதற்கான சான்றுகளைக் கோழிகளோடு மொட்டை மாடியில் இருந்தபடி திரட்டினேன்.

முன்னாய்வுகள் ஏமாற்றமளிக்கின்றன. உறையூருக்குக் கோழி என்றே ஒரு பெயர் உண்டு. யானையைக் கோழி வென்ற கதையும் உண்டு. வென்ற இடம் காய்ந்திருந்ததா, சொதசொதவென்று இருந்ததா என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. நச்சினார்க்கினியரிடம் கேட்டிருந்தால் எட்டாம் அடியில் இருக்கும் கோழியை நாற்பதாம் அடியில் இருக்கும் மணலோடு கூட்டிப் பொருள் முடித்துத் தந்திருப்பார். நமக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இனி விரிப்பு வகைகள்.

ஆற்று மணல்: விலை கேட்டேன், இயல் முடிந்தது.

எம்-சாண்ட்: நனைந்தால் குழம்பு, காய்ந்தால் தளம்.

வைக்கோல்: மூன்றாம் நாள் பூஞ்சணம், அதற்குமேல் அது தாவரவியல் துறையின் பொறுப்பு.

சுண்ணாம்பு: ஈரத்தை இழுக்கும் என்று தூவினேன். எச்சத்திலிருக்கும் அம்மோனியாவை அது கிளப்பிவிடும் என்பதைக் கண் எரிந்தபின் அறிந்தேன். கோழிகளுக்கும் கண் உண்டு.

தென்னை நார்த்தூள்: தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரை வாங்கி வைத்துக்கொள்ளும். வாங்கியதைச் சுலபத்தில் திருப்பித் தராது. பல்கலைக்கழக நூலகங்களில் இவ்வியல்புடைய பேராசிரியர்கள் சிலர் உண்டு.

உமிக்கு மட்டும் கொஞ்சம் மரியாதை தேவை. நூறு கிலோ நெல்லை அரைத்தால் ஏறக்குறைய இருபது கிலோ உமி; செங்குன்றத்து அரிசி ஆலைகளுக்கு இவ்வளவு அருகில் இருந்துகொண்டு வேறொன்றைத் தேடுவது அறிவீனம். சிலிக்கா மிகுந்தது என்பதால் எளிதில் மக்காது. மர இழைப்புச் சுருளைப் போல நீரை அதிகம் குடிக்காது. ஆனால் வழியவிட்டுச் சீக்கிரம் உலரும். இரண்டு மூன்று அங்குலம் பரப்பி, அன்றாடம் கிளறி, மேலே புது உமி சேர்த்துக்கொண்டே போனால் அதற்கு ஆழ்கூளம் என்று பெயர். ஈரப்பதம் 20 முதல் 25 சதவீதம் இருந்தால் நல்லது. 30-ஐத் தாண்டினால் அடை தட்டும். அப்புறம் ரத்தக் கழிச்சல்தான். அந்நோய்க் கிருமியின் முட்டைகள் சூடும் ஈரமும் கிடைத்தால் ஓரிரு நாளில் தொற்றும் பக்குவத்தை அடைந்துவிடும். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யவே நமக்கு அதைவிட நாளாகிறது.

ஈரம் அளக்கக் கருவி வேண்டாம். ஒரு கைப்பிடி கூளத்தை இறுக்கிப் பிடித்துக் கையை விரிக்க வேண்டும். கொழுக்கட்டையாக நின்றால் ஈரம். பிடியே கொடுக்காமல் ஓடினால் வெறும் தூசி. உருண்டு, யோசித்து, உடைந்தால் சரி. (எதிர்வீட்டு ஆயா, வாய்மொழி.)

ஆழ்கூளம் என்ற சொல்லில் ஒரு நாள் நின்றுவிட்டேன். கூலம் என்றால் தானியம். கூளம் என்றால் குப்பை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி இரண்டையும் தனித்தனியே வைத்திருக்கிறது. கோழியோ கூளத்தைக் கிளறிக் கூலத்தைப் பொறுக்குகிறது. ஒரே கொத்தில் லகரத்தையும் ளகரத்தையும் இணைத்த இந்தப் பறவைக்கு இதுவரை ஒரு மணிவிழா மலர்கூட வெளிவரவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

இவ்வாய்வின் தனிப் பங்களிப்பு அடுத்து வருவது. உமி தீர்ந்த ஒரு மழைநாளில் வீட்டிலிருந்த பன்னாட்டுக் கருத்தரங்கக் கட்டுரைத் தொகுப்புகளைத் தரையில் விரித்தேன். மலேசியாவிலிருந்து ஒருவர் திரையில் தோன்றி, ‘குரல் கேட்குதா’ என்று மூன்று முறை கேட்டு மறைந்துவிட்டால் கருத்தரங்கம் பன்னாட்டளவினதாகிவிடும். கட்டுரையாளர் பணம் கட்டினால் தொகுப்பில் ஏறும். தொகுப்புக்குப் பதிமூன்று இலக்க எண்ணும் ஏறும். தலையணை கனம். அச்சகத்தை விட்டு வந்த நாள் முதல் யாரும் திறக்காததால் தாள்கள் புழங்காத புதுமையோடு இருந்தன. அவை நீரை உறிஞ்சிய வேகம் கண்டு வியந்தேன். உள்ளே ஏற்கெனவே எதுவும் இல்லாத பொருளில் நீருக்குத் தாராளமாக இடம் கிடைக்கிறது என்பது என் கருதுகோள். ‘சங்க இலக்கியத்தில் மேலாண்மைச் சிந்தனைகள்’ என்னும் வகைக் கட்டுரைகள் முப்பது பக்கத்துக்கு ஒரு நாள் தாங்கின. ‘இன்றைய நோக்கில்’ என்று முடியும் தலைப்புகள் அரை நாள். அடிக்குறிப்பு மிகுந்தவை அடியிலிருந்தே ஊறின. என்னுடைய கட்டுரையும் ஒன்று இருந்தது. அதன்மேல் சேவல் தன் கருத்தைத் தெரிவித்தது. எனக்கு வந்த முதல் மதிப்புரை அது.

குறையும் உண்டு. நனைந்த தாள் வழுக்கும். குஞ்சுகள் வழுக்குந்தரையில் நடந்தால் கால் விரிந்து ஊனமாகிவிடும். ஆகவே இளம் ஆய்வாளர்களுக்கு இத்தொகுப்புகளைப் பரிந்துரைக்க இயலாது.

நான்கு பருவமழைகள் இப்படியே கழிந்தன. எதைக் கொட்டினாலும் மூன்றாம் நாள் நசநசத்தது; மழை பெய்யாத நாளிலும் நசநசத்ததை உள்ளூர்க் காலநிலையின் தனித்தன்மை என்று குறித்துக்கொண்டேன். அப்போதுதான் பின்வரும் மாற்றுக்கருத்து வெளியானது: “மேலருந்து தண்ணி ஊத்திக்கினே கீது. கீழ இன்னாத்த கொட்னா இன்னா தம்பி?” (மேற்படி ஆயா, வாய்மொழி, மதில்மேல் பதிப்பு, முருங்கைக்கீரை பறிக்கையில், திருத்திய இரண்டாம் பதிப்பு அன்று மாலையே வெற்றிலையோடு வெளிவந்தது, அதில் காணப்படும் வசைச்சொல் பிற்காலத்தார் இடைச்செருகல் ஆகலாம், ‘இன்னாத்த’ என்பதற்கு ‘எத்த’ என்று மருமகள் பாடபேதம் காட்டுவார்.)

அண்ணாந்து பார்த்தேன். மேல்தொட்டி நிரம்பி வழியும் குழாய் நேரே வலைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தகரக் கூரையின் நீரும் அங்கேயே. தரையோ சுற்றுப்புறத்தைவிட அரையடி பள்ளம். குழாயைத் திருப்பி, கூரையை ஒரு முழம் நீட்டி, தரையை உயர்த்திச் சரிவு கொடுத்து, ஓரமாக வாய்க்கால் வெட்டினால் போதும்; பிறகு உமியானாலும் மரத்தூளானாலும் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். கோட்பாட்டுப் பின்புலம் அற்ற இக்கருத்தை ஆய்வுலகம் ஏற்குமா என்பது ஐயமே.

எனினும் எம்மூர் மரபில் இதற்கு வழி இருக்கிறது. பூசலார் நாயனார் கையில் காசில்லாமல் சிவனுக்கு மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிய ஊர் இது. காஞ்சியில் கல்லால் கட்டிய பல்லவன் அதே நாளில் குடமுழுக்கு வைக்க, நாளை மாற்றிக்கொள் என்று இறைவன் கனவில் சொன்னதாகப் பெரியபுராணம் கூறும். பூசலார் கட்டிய கோயில் ஒழுகியதாக யாரும் சொல்லவில்லை.

வாய்க்காலை அன்றிரவே மனத்தளவில் வெட்டி முடித்துவிட்டேன். சரிவு அருமையாக அமைந்திருக்கிறது. இன்று காலை ஆறு கோழிகளும் சேவலும் துணி துவைக்கும் கல்லின்மேல் நின்றன. வீட்டுத் துணி இரண்டு நாளாகத் துவைக்கப்படவில்லை.