வீட்டுக்காரர் இருக்காரா?

தமிழ் சிக்கனமான மொழி. பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவரும் வீட்டுக்காரர். தாலி கட்டியவரும் வீட்டுக்காரர். வாடகைக்கு வீடு கேட்டுப் போகிற பெண்ணிடம் முதலாமவர் கேட்கிற முதல் கேள்வி இரண்டாமவரைப் பற்றியதாகத்தான் இருக்கும். "வீட்டுக்காரர் என்ன பண்றாரும்மா?" இதற்குப் பதில் இல்லாதவளுக்குச் சென்னையில் வீடு இல்லை.

பெரம்பூரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிற பெண்ணிடம் பதில் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலை வேலைக்குப் போன கணவன் இன்னும் வேலையிலேயே இருக்கிறான் போலும். சம்பளம் பதினாலாயிரம். ஒரே பையன், ஏழாம் வகுப்பு. குடியிருக்கிற வீட்டை ஓனர் இடித்துக் கட்டப் போகிறார், முப்பதாம் தேதிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். என் மனைவிக்கு அந்தக் கடையில் பழக்கம். "நீங்க ஒரு நடை கூடப் போயிட்டு வாங்களேன், ஆம்பளை இருந்தா மரியாதையாப் பேசுவாங்க" என்றாள். மூன்று ஞாயிற்றுக்கிழமை போனேன்.

மரியாதைக்குக் குறைவே இல்லை. எல்லாம் எனக்குத்தான் கிடைத்தது. வாடகை கொடுக்கப் போகிறவள் எதிரில் நிற்க, ஓனர் என்னைப் பார்த்தே தண்ணி வரும் நேரம் சொன்னார், மோட்டார் ரிப்பேர் சொன்னார், கரண்ட் யூனிட்டுக்கு எவ்வளவு என்று சொன்னார். "சார் எங்க வேலை பார்க்கிறீங்க?" நான் பக்கத்துத் தெருக்காரன், வீடு இவங்களுக்குத்தான் என்றதும் அவர் முகத்தில் ஒரு ஷட்டர் இறங்கியது. என்னையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு முழு சினிமா ஓடி முடிந்தது. "சொல்லி அனுப்பறேன்" என்றார். இன்னும் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்.

ஒரு வீட்டில் மட்டும் நான் வாயைத் திறக்கவில்லை. சும்மா நின்றேன், அவ்வளவுதான். சாவியை எடுத்து நீட்டினார்கள். அவள்தான் கெடுத்துக்கொண்டாள், பாவம், உண்மையைச் சொன்னாள். சாவி ஆணிக்குத் திரும்பிப் போனது.

யாரும் கெட்டவர்கள் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒருவர்கூடத் தன் வாயால் தப்பாகப் பேசவில்லை. "நாங்க ஒண்ணும் நினைக்க மாட்டோம்மா, அக்கம்பக்கத்துலதான்..." என்று இழுத்தார்கள். அடுத்த வீட்டுக்குப் போனோம், அவர்களும் அக்கம்பக்கத்தையே சொன்னார்கள். மூன்று தெரு சுற்றிய பிறகு எனக்குப் புரிந்தது: இந்த ஊரில் அக்கம்பக்கம் என்று ஒரு கொடுங்கோலன் குடியிருக்கிறான். எந்தக் கதவைத் தட்டினாலும் அவன் அந்த வீட்டில் இல்லை, அடுத்த வீட்டில்தான் இருக்கிறான்.

கடைசியில் ஒரு மகராசி ஒத்துக்கொண்டாள். வாடகை எட்டாயிரம், அட்வான்ஸ் பத்து மாதம். வீட்டுக்காரர் இல்லாத குடித்தனம் என்பதால் யாரும் வந்து போகக் கூடாது, ராத்திரி பத்து மணிக்குக் கேட் பூட்டப்படும். கடை அடைக்கவே ஒன்பதரை. எண்பதாயிரத்துக்கு அவள் ஆறு மாதம் சாப்பிடாமல், பையனுக்கும் போடாமல் சேர்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2017-இல் ஒரு வாடகைச் சட்டம் போட்டார்கள், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கும் வந்தது. முன்பணம் மூன்று மாத வாடகை என்று அதில் எழுதியிருக்கிறது. தெரிந்ததைச் சும்மா வைத்திருக்க முடியாமல் அந்தம்மாவிடம் சொன்னேன். "அப்படியா சார்? அப்ப அந்தச் சட்டத்துலயே ஒரு ரூம் ஒதுக்கித் தரச் சொல்லுங்க" என்றார். சட்டசபையில் இவ்வளவு தெளிவாக யாரும் பேசிக் கேட்டதில்லை.

இந்தியாவின் நகரங்களில் 1.1 கோடி வீடுகள் பூட்டிக் கிடப்பதாக 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொன்னது. அடுத்ததை 2021-இல் எடுத்திருக்க வேண்டும், எடுக்கவில்லை. அந்தப் பூட்டுகளில் எத்தனை ‘நல்ல ஃபேமிலி’க்காகக் காத்திருக்கின்றனவோ. கரையானும் எலியும் தங்கலாம், அவற்றிடம் யாரும் வீட்டுக்காரரைக் கேட்பதில்லை.

சரி, தனியார் அப்படித்தான் இருப்பார்கள். அரசாங்கம் என்று ஒன்று இருக்கிறதே? 2022-க்குள் அனைவருக்கும் வீடு என்று 2015-இலேயே பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தைத் தொடங்கியிருக்கிறார்களே? பத்திரத்தில் பெண் பெயர் இருக்க வேண்டும் என்றுகூட அதில் விதி உண்டு. படித்தபோது எனக்கே கண் கலங்கியது. அடுத்த வரியையும் படித்தேன். பயனாளிக் குடும்பம் என்றால் கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள். அந்தக் குடும்பத்தில் யார் பேரிலும் நாட்டின் எந்த மூலையிலும் காரை வீடு இருக்கக் கூடாது. அவள் கணவனுக்குச் சொந்த ஊரில் ஒரு தளம் போட்ட வீடு இருக்கிறது. அதன் வாசற்படியை அவள் மிதிக்க முடியாது. ஆனால் விவாகரத்து ஆகவில்லை. ஆகவே காகிதத்தில் அவள் சொந்த வீட்டுக்காரி. தலைக்கு மேல் கூரை இல்லாத சொந்த வீட்டுக்காரி.

அப்படியானால் கைவிடப்பட்டவள் என்று சான்று வாங்கு என்றார்கள். அதற்கும் இ-சேவையில் வழி இருக்கிறது. அறுபது ரூபாய் கட்டினால் போதும், விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று ஒருவர் பின் ஒருவராக அவள் கைவிடப்பட்டதை உறுதி செய்வார்கள். விசாரணைக்கு யாரைக் கேட்பார்கள்? அக்கம்பக்கத்தைத்தான். கைவிடப்பட்டோருக்கான உதவித்தொகை 1,200 ரூபாய் கிடைக்குமா என்றும் கேட்டோம். சட்டப்படி பிரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் கைவிடப்பட்டு ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும். இவளுக்கு மூன்றுதான் ஆகிறது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் நல்ல மனிதர், ஆறுதலாகவே சொன்னார்: "இன்னும் ரெண்டு வருஷம்தாம்மா." அனுபவம் போதவில்லை. இன்னும் கொஞ்சம் கைவிடப்பட்டுவிட்டு வா.

ரேஷன் கார்டும் அதே கதைதான். தனிக் கார்டு வேண்டுமானால் பழைய கார்டிலிருந்து பேர் நீக்க வேண்டும். ஆன்லைனில் உள்ளே நுழைய, பதிவு செய்த செல்போனுக்கு ஓடிபி வரும். அந்தச் செல்போன் எவன் சட்டைப்பையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடிந்திருந்தால் அவள் இந்த வரிசையிலேயே நின்றிருக்க மாட்டாள். ஆதாரில் விலாசம் மாற்ற வாடகை ஒப்பந்தம் கேட்கிறார்கள். வாடகை ஒப்பந்தம் போட ஓனர் ஆதார் கேட்கிறார். தையல் மெஷின் வேண்டுமா என்று ஒரு மேசையில் கேட்டார்கள், சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் திட்டம் இருக்கிறது. நல்ல திட்டம், கேலி செய்யவில்லை. மெஷினை எங்கே வைப்பது என்று மட்டும் அவள் கேட்டாள்.

வாரியம் மிச்சம் இருந்தது. 1970-இல் குடிசை மாற்று வாரியமாகப் பிறந்து, 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பேர் மாறியது. குடிசை என்ற சொல் போய்விட்டது, அந்த அளவில் மேம்பாடுதான். வீடு கேட்டுப் போனவளிடம், எந்த ஆக்கிரமிப்புப் பகுதியிலிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார்கள். ஆக்கிரமிக்கவில்லை, வாடகைக்கு இருக்கிறேன் என்றாள். அதுதான் அவள் செய்த பிழை. கூவத்தின் கரையில் ஒரு குடிசை போட்டு, அதை அரசு வந்து இடித்து, சட்டி பானையோடு நடுத்தெருவில் நின்றிருந்தால் பட்டியலில் பேர் வந்திருக்கும். ஒழுங்காக மாதாமாதம் வாடகை கட்டியவளை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

பட்டியலில் வந்திருந்தாலும் எங்கே அனுப்பியிருப்பார்கள்? பெரம்பூரில் வேலை, பெரும்பாக்கத்தில் வீடு. எதுகை நன்றாக இருக்கிறது, நடுவில் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். ஒன்பதரைக்குக் கடை அடைத்து, பஸ் மாறி, ஏழெட்டு மாடிக் கட்டடத்துக்குப் போய், லிஃப்ட் வேலை செய்கிறதா என்று பார்த்து, அதற்குள் பையன் தூங்கியிருப்பான். நகரின் வீடுகளைப் பெருக்கித் துடைத்த பெண்களை இப்படித்தான் ஆற்றங்கரையிலிருந்து அள்ளிக்கொண்டுபோய் நகரத்துக்கு வெளியே கொட்டினார்கள். நகரத்துக்குள் கட்டினால் மட்டும் என்ன? புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் கட்டிய அடுக்குமாடியில் 2021-இல் விரல் வைத்தால் சுவர்ப்பூச்சு உதிர்ந்ததை எல்லாரும் டிவியில் பார்த்தோம். அதே ஆண்டு டிசம்பரில் திருவொற்றியூரில் வாரியத்தின் பழைய கட்டடம் ஒன்று, 24 வீடுகளோடு, பட்டப்பகலில் உட்கார்ந்துவிட்டது. விரிசலைப் பார்த்து ஜனங்கள் முன்பே வெளியே ஓடிவந்ததால் உயிர் போகவில்லை. சான்று கேட்காமல் இறங்குவது அந்தக் கூரை ஒன்றுதான்.

பழைய மகாபலிபுரம் சாலையில் அந்த ஆற்றங்கரை மக்களுக்காக உண்டாக்கிய ஊருக்குக் கண்ணகி நகர் என்று பேர் வைத்திருக்கிறார்கள். வைத்தவர் சிலப்பதிகாரம் படித்தவராகத்தான் இருக்க வேண்டும். மதுரைக்குப் பிழைக்க வந்த கண்ணகி எங்கே தங்கினாள்? கவுந்தியடிகள் ஒரு வார்த்தை சொல்லி ஒப்படைத்தார், மாதரி என்ற இடைச்சி கூட்டிக்கொண்டு போனாள். அடையாள அட்டை கேட்கவில்லை, பத்து மாத அட்வான்ஸ் கேட்கவில்லை, தன் மகள் ஐயையைத் துணைக்கு வைத்தாள். கோவலன் செத்த பிறகு, அடைக்கலமாக வந்தவர்களைக் காக்க முடியவில்லையே என்று தீயில் விழுந்தாள். அந்தக் காலத்து அவசரகால வீட்டு உதவி அப்படி இருந்தது. நாம் கண்ணகியின் பேரை நகருக்கு வைத்தோம். மாதரியின் வேலையை யாருக்கும் கொடுக்கவில்லை.

கொடுத்திருக்கிறோம் என்பார்கள். 181-க்கு அடியுங்கள் என்பார்கள். அடித்தோம். ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தங்கலாம், ஐந்து நாள் வரை. பெய்கிற மழை நிற்க ஐந்து நாள் போதும்தான். ஆனால் அது வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு. "அடிச்சாரா?" என்று கேட்டார்கள். இல்லை, போய்விட்டார். பேனா அந்தக் கட்டத்தின் மேலேயே நின்றது. சோறு போடாமல், வாடகை கட்டாமல் விட்டுவிட்டுப் போவதும் பொருளாதார வன்முறைதான் என்கிறது 2005-இன் குடும்ப வன்முறைச் சட்டம். தங்க இடமோ அதற்கான வாடகையோ தரும்படி உத்தரவிட நீதிபதிக்கு அதிகாரமும் இருக்கிறது, அறுபது நாளில் முடிக்க முயல வேண்டுமாம். முயல்கிறார்கள். அந்தச் சட்டம் மேசை வரை வந்து சேரவில்லை. மேசைக்குக் காயம் வேண்டும். ஒரு பல்லையாவது உடைத்துவிட்டுப் போகாதது அவள் புருஷன் அவளுக்குச் செய்த கடைசித் துரோகம்.

நீண்ட நாள் தங்க ‘சக்தி சதன்’ என்று இல்லங்கள் உண்டு. வேலைக்குப் போகிற பெண்களுக்கு மத்திய அரசுத் திட்டத்தில் விடுதிகள் உண்டு. பிள்ளையோடு தங்கலாமா என்று கேட்டோம். தங்கலாம், தாராளமாக. ஆண் பிள்ளை என்றால் பன்னிரண்டு வயது வரை.

இதைக் கேட்டபோதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை தெருத்தெருவாக அலைந்து கேட்ட பதில், கூட ஆண் இல்லை, அதனால் வீடு இல்லை. இப்போது கேட்கிற பதில், கூட ஒரு ஆண் இருக்கிறான், அதனால் இடம் இல்லை. மீசையின் நிழல்கூட விழாத பையன், தூக்கத்தில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொள்கிறவன், பிறந்தநாள் கேக்கை வெட்டிய மறுநாள் காலை ஆம்பளையாகிவிடுகிறான். ஆனால் ஓனர் கேட்கிற ஆம்பளை அவன் இல்லை. வாடகைக்கு அவன் சிறுவன், விடுதிக்கு அவன் ஆபத்து. அவனை என்ன செய்வது என்று கேட்டோம். குழந்தைகள் இல்லத்தில் சேர்க்கலாம் என்றார்கள். ஒரு கூரைக்காக ஒரு பிள்ளையைக் கழற்றி வைக்கச் சொல்கிறது இந்த அரசு. அதற்கு அது வைத்திருக்கிற பேர் மறுவாழ்வு.

அவளுக்கு வேண்டியது அரண்மனை இல்லை. எண்பதாயிரம் ரூபாய், அதுவும் கடனாக. ஆட்டுக்கும் மாட்டுக்கும் லோன் போடுகிற கூட்டுறவு சங்கம் அட்வான்ஸுக்குப் போடாது, கேட்டுப் பார்த்தாயிற்று. நகரத்துக்குள் வாரியத்துக்கு இருக்கிற வீடுகளில், இன்று இரவே கதவைத் திறந்துவிடக்கூடியதாக, பேட்டைக்குப் பத்து ஒதுக்கி வைத்தால் எந்தக் கஜானா காலியாகிவிடும்? திறப்பு விழாப் பந்தலுக்கு ஆகிற செலவில் பாதிதான் வரும். இதைப் படிக்கிற வீட்டுக்காரரே, உங்கள் மாடி போர்ஷன் எத்தனை மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது? நாளைக்கு உங்கள் மகள் பேரப்பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றால் எந்தக் கேள்வியை முதலில் கேட்பீர்கள்?

நான் இன்னும் கூடப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறக்காமல் நிற்பது என்று மூவரும் பேசி முடிவு செய்திருக்கிறோம். அப்படி நிற்கச் சொன்னதே என் மனைவிதான். முப்பதாம் தேதிக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. பையனுக்குத் தை மாதம் பன்னிரண்டு முடிகிறது.