நரி முகமும் நம் கையும்

கேள்வி: நரி முகத்தில் விழித்தால் யோகம் என்பார்கள். லண்டனில் கொல்லைப்புறத்துக்கே நரிக் குடும்பம் வருகிறதாமே, அங்கே எல்லோருக்கும் யோகம்தானா?

பதில்: பார்ப்பவருக்கு யோகம்தான். நரிக்கும் யோகமா என்பது, பார்ப்பவர் கையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கோழித்துண்டு இருந்தால் இல்லை! 1930களில் லண்டன் புறநகரில் தோட்டத்தோடு வீடுகள் வரிசையாக எழுந்தபோது, செந்நரிக்குப் புதரும் இரையும் அங்கேயே அமைந்துவிட்டன. மார்ச் வாக்கில் பிறக்கும் குட்டிகள் ஏப்ரல் கடைசியில் வளையை விட்டு வந்து, ஒன்றின் வாலை ஒன்று கவ்வி உருளும். ஈர இரவில் தாய் நரி புல்தரையில் காதைக் கூர்மையாக்கி நின்று, மண்புழுவை அறுந்துவிடாமல் மெல்ல இழுத்தெடுக்கும். புழு, எலி, வண்டு, உதிர்ந்த பழம் என்று தானே தேடிக்கொள்ளத் தெரிந்த பிராணிக்கு நம் தட்டு எதற்கு?

'குட்டிகள் பசித்திருக்குமே' என்பார்கள். கையில் தின்று பழகிய நரி அடுத்த வீட்டுக்குள்ளும் பயமின்றி நுழையும். அங்கே இருப்பவருக்கும் அதே அன்பு இருக்கும் என்று சொல்ல முடியாது. 'ரேபிஸ் வந்துவிட்டால்?' பிரிட்டன் நரிகளிடம் அது இல்லை. ஆபத்து நரிக்குத்தான். 1994இல் பிரிஸ்டலில் பரவத் தொடங்கிய சொறிநோய், அந்நகர நரிகளில் 90 சதவீதத்துக்கு மேல் அழித்தது. தொட்டால் ஒட்டும் நோய் அது. ஒரே தட்டைச் சுற்றி நரிகளைக் கூட்டுவது நல்லதல்ல. விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பாருங்கள். தட்டு உள்ளேயே இருக்கட்டும்.