தரப்புள்ளியும் பூஞ்சேரியும்

ஆன்லைன் செயலியில் பேஸ்பால் அணி நடத்துகிறவர் நாலு ஆட்டம் தோற்றதும் செய்யும் முதல் வேலை, சின்னப் பையன்களைத் தள்ளிவிட்டுப் பெரிய புள்ளிக்காரர்களாக வாங்கிப் போடுவது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் புள்ளி மட்டும் வெல்லாது; செஸ்ஸிலேயே பாருங்கள்.

2022இல் செங்கல்பட்டு மாவட்டத்துப் பூஞ்சேரியில், மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட்டின் பொதுப் பிரிவில், தரப்புள்ளிப்படி முதல் அணி அமெரிக்கா. முடிந்தபோது ஐந்தாமிடம். பட்டியலில் 14ஆவதாகக் கிடந்த உஸ்பெகிஸ்தான் தங்கத்தை அள்ளிக்கொண்டு போனது. இந்திய ஏ அணி நான்காமிடம். பொடியன்கள் நிறைந்த பி அணிக்கு வெண்கலம். அதில் முதல் பலகையில் 16 வயது குகேஷ், எடுத்த எடுப்பில் எட்டு ஆட்டமும் வெற்றி. எட்டாவதில் சாய்ந்தவர் அமெரிக்காவின் கருவானா!

பெண்கள் பிரிவில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் ஹரிகா நிறைமாதக் கர்ப்பிணியாக ஆடினார். இதைப் பதிய எந்தச் செயலியில் கட்டம் இருக்கிறது?