மதில் இல்லாத தலைநகரம்

கேள்வி: கண்டி பழைய அரசர்களின் தலைநகரம் என்றால், அதன் கோட்டை மதில் எங்கே? அங்கே செல்பவர் எங்கே தங்குவது நல்லது?

பதில்: கண்டியின் மதிலைக் கொத்தனார் கட்டவில்லை, மலையும் காடும் மகாவலி கங்கையும் சேர்ந்து கட்டின. மலைவழிகளில் முட்செடிகளால் அடைத்துக் காவல் வைக்கப்பட்ட வாயில்கள் ‘கடவத்த’ எனச் சிங்களத்தில் வழங்கின. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் படையெடுத்தும் நிலைகொள்ள முடியாத அந்த நகரம், 1815 மார்ச் 2இல் பிரதானிகள் ஒப்பமிட்ட உடன்படிக்கையால் ஆங்கிலேயருக்கு உரியதாயிற்று. கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் ஏரிக்கரையில் எழுப்பிய ‘வலாகுளு பம்ம’, அதாவது முகில் சுவர், பகைவரைத் தடுக்க அன்று, கண்ணுக்கு அழகூட்டவே எழுந்தது; மதிலில்லா ஊரை ஆண்ட அவரோ, மதில் சூழ்ந்த வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து 1832இல் மறைந்தார்.

தங்குவதற்கு ஏரியைச் சூழ்ந்த சரிவுகளிலுள்ள குடும்ப விருந்தினர் இல்லங்களே, அதாவது உரிமையாளர் தாமும் அங்கேயே வாழ்ந்து சில அறைகளை மட்டும் வாடகைக்கு விடும் வீடுகளே, சிறந்தவை. ஏனெனில் அங்கே இடியப்பமும் சம்பலும் வீட்டு அடுப்பிலிருந்து வருகின்றன, புத்தரின் புனிதப் பல்லைப் பேணும் தலதா மாளிகையின் மாலைப் பூசைக்கு நடந்தே போய்வரலாம். எசல பெரஹரா ஊர்வலக் காலத்தில் மட்டும் அறையை வெகு முன்னதாகவே பதிவு செய்ய வேண்டும். பகைவரை முள்வாயிலில் நிறுத்திய ஊர், விருந்தினரை நேரே சமையலறை வரை அழைத்துச் செல்கிறது.